மணல் இறங்கும்வரை

"இன்னைக்கு என்னை எத்தனை தடவை சாகடிச்சே?" என்று கேட்டாள் மாமியார்.

மருமகள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கூட்டத்துக்குப் போய்வருகிற நாட்களில் இந்தக் கேள்வி கதவருகிலேயே அவளுக்காகக் காத்திருக்கும்.

"ஒரு தடவைதான் அத்தை. அதுவும் முழுசா இல்ல. நினைவு தப்புற வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"அழுதாங்களா?"

"எல்லாரும்."

"கதவு?"

"அந்தப் பேச்சே வரல."

மாமியார் கட்டுப்போட்ட வலது காலை முக்காலியின் மேல் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அப்ப அடுத்த மாசம் முழுசாவே கொன்னுடுடி. பாதியில விட்டா அவங்களுக்கும் ஏமாத்தமா இருக்குமில்ல."

மருமகள் தையல்காரி. பெரிய துணிக்கடை ஒன்றின் பின்னறையில், வாங்கியவர்களின் அளவுக்குச் சட்டையைப் பிடிப்பதும் கால்சட்டையைக் குறைப்பதும் அவள் வேலை. பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன்; வீட்டுக்கு விருந்தாளியைப் போல வந்துபோவான். மாமியாரின் சுண்டுவிரலுக்குக் கீழே வந்த சர்க்கரைப் புண் ஆறுவதாக இல்லை. தினமும் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் அவளைக் கைத்தாங்கலாகத் தெருக்கோடி கிளினிக்குக்கு அழைத்துப் போவாள். நர்ஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டு மாற்றிவிடுவாள். ஒருநாள் சாயந்தரம் போனபோது கதவு பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. இனிமேல் பகலில் மட்டும்தான் என்றார்கள். பகலில் போனால் கூலி போகும். தினமும் கூலி போனால் வேலையே போகும். ஆகவே துணியைப் பற்றி மட்டுமே தெரிந்த அந்தக் கை, மின்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, சதையைப் பற்றிக் கற்றுக்கொள்ளப் பார்த்தது.

அந்த கிளினிக்கை நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். எல்லோருக்கும் சமமான நலம் என்பது அதன் கொள்கை. வாசலில் அப்படித்தான் எழுதியிருக்கும். காலையில் வருகிற அளவுக்குச் சாயந்தரத்தில் ஆட்கள் வருவதில்லை என்பதை அதன் தலைவர்கள் கவனித்தார்கள், கவலைப்பட்டார்கள், காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஆய்வுக்கு வீடு வீடாகப் போக ஆள் வேண்டும். மக்களோடு நன்றாகப் பழகியவர் சாயந்தர நர்ஸ்தான் என்று அவளையே அனுப்பினார்கள். நர்ஸ் இல்லாததால் சாயந்தர கிளினிக்கை மூடினார்கள். மாலை வேளையில் மக்கள் சிகிச்சைக்கு வரத் தயங்குவது ஏன் என்ற ஆய்வு இன்றுவரை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

தையல்காரி அந்தத் தலைமைக் குழுவில் சேர்ந்த கதையும் இதே தினுசுதான். நிறுவனத்தின் சமத்துவ அலுவலர் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்தார். காலடியில் மண்டியிட்டு அளவெடுத்துக்கொண்டே அவள் பூட்டிய கதவைப் பற்றிப் பொரிந்து தள்ளினாள். அவர் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறக்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ அவளைத் தலைமைக் குழுவில் சேரச் சொன்னார். பதவியின் பெயர் சமூகக் குரல். குழுவினரின் படங்கள் மாட்டிய சுவரில் அவள் படமும் ஏறியது. மற்றவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவளை மட்டும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பறிகொடுத்தவள் போலப் பார்க்கச் சொல்லி எடுத்த படம்.

குழுவுக்குத் தலைவி இயக்குநர் அம்மா. காதுக்குள் பஞ்சு வைப்பது போலப் பேசுவார். எதிர்க்க நினைப்பவர்களுக்குக்கூடத் தூக்கம் வந்துவிடும். அவருக்கு அடுத்து சமத்துவ அலுவலர். ஒரு காலத்தில் இயக்குநர் அம்மாவின் நாற்காலிக்கு மட்டும் உயரமான முதுகு இருந்தது. அது சமத்துவம் அல்ல என்று எல்லோருக்கும் முதுகில்லாத முக்காலி போட்டவர் இவர்தான். இயக்குநர் அம்மாவுக்கு முதுகுவலி வந்ததும் அவர் முக்காலியைச் சுவரோரமாக நகர்த்தி, சுவருக்கு ஒரு மெத்தை தைக்கச் சொன்னார்கள். தைத்தது தையல்காரிதான். மூன்றாமவர் பொருளாளர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கூட்டங்களிலும் ஓய்விலேயே இருப்பார்.

இவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கை தூக்கி வாக்கெடுப்பது வன்முறை; ஆகவே எந்த யோசனைக்கும் மறுப்புச் சொல்ல ஆளில்லையென்றால் அது நிறைவேறியதாகப் பொருள். இது முதல் விதி. சமூகக் குரல் பேசி முடித்ததும் அந்த வலியை எல்லோரும் மௌனமாக உள்வாங்க வேண்டும் என்பது இரண்டாவது. அதற்காக வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றிலிருந்து இயக்குநர் அம்மா ஒரு மணல் கடிகாரம் வாங்கி வந்திருந்தார். அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். மணல் முழுவதும் இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, கடிகாரத்தைத் தொடவும் கூடாது. முன்பு குழுவில் இருந்த டாக்டர் ஒருவர் அந்த மௌனத்தில் இருமிவிட்டு "மன்னிக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கேட்கப் பழகும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் அப்படியே வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மணல் இறங்கி முடிந்ததும் இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போவார். கதவு பூட்டியபடியே இருக்கும்.

முதல் கூட்டத்தில் அவள் உள்ளதை மட்டும்தான் சொன்னாள். இரண்டாவதில் காய்ச்சலைச் சேர்த்தாள். அவர்கள் அழுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாமியாரைத் தவிர. கடையில் அவள் சொல்லை யாரும் காதில் வாங்குவதில்லை. இங்கே படித்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். போகப் போகக் காய்ச்சல் ஜன்னியானது. இன்றைக்கு நினைவு தப்பியது. மாமியார் வீட்டில் வாயாடிக்கொண்டிருக்க, கூட்டத்தில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். கையில் ஆய்வுக் காகிதங்கள்.

"சாயந்தரம் கிளினிக் வர உங்களுக்கு எதும்மா தடையா இருக்கு? பயமா, நம்பிக்கையின்மையா, அறியாமையா, குடும்பத்தோட எதிர்ப்பா?"

"பூட்டு," என்றாள் மாமியார்.

"பூட்டு இதுல இல்லம்மா."

"கதவுல இருக்கே."

"நாலுல ஒண்ணைச் சொல்லுங்க. நான் இன்னும் தெருவெல்லாம் ஏறி இறங்கணும்."

"உனக்கு எது தோது?"

நர்ஸ் யோசித்தாள். "அறியாமைன்னு போட்டா மேல இருக்கிறவங்க சந்தோஷப்படுவாங்க."

"போட்டுக்கோ. யாராவது ஒருத்தராவது சந்தோஷமா இருக்கட்டும்."

பிறகு காகிதங்களைத் தரையில் வைத்துவிட்டு நர்ஸ் தானாகவே அந்தக் காலை மடியில் எடுத்துக் கட்டைப் பிரித்தாள். பேச்சு நின்றது. விரலை அழுத்திப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். தையல்காரியைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"விரல் கருக்குதுக்கா. இனிமே தினமும் தெரிஞ்ச கை படணும். விட்டா பாதம் போயிடும். நீங்க அந்தக் கூட்டத்துல சொல்லக்கூடாதா?"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். அழுறாங்க."

அன்று மாமியாரின் காலை மறுபடி கட்டும்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எதையாவது சொல்லிக் குத்தாமல் இருக்கத் தெரியாதவள், உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். தையல்காரிக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. வலியோடு இருப்பவளின் மௌனத்துக்கு ஒரு கனம் உண்டு. அதைக் கேட்பவள் அடுத்து ஏதாவது செய்தாக வேண்டும், குறைந்தபட்சம் கையை இன்னும் மெதுவாக வைக்க வேண்டும். கூட்டத்து மௌனம் அப்படியா இருந்தது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அது முடிந்ததும் எல்லோருக்கும் உடம்பு லேசாகிவிடும். பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டத்தன்று காலையிலிருந்து மழை. ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. மேஜைக் காகிதங்கள் நமத்துப் போயிருந்தன. அவள் முறை வந்தது.

"எங்க அத்தைக்கு நினைவெல்லாம் தப்பல. போன தடவை நான் சேத்துச் சொன்னேன். ஆனா இப்ப சுண்டுவிரல் கருத்திடுச்சு. நாத்தம் வருது. தினமும் கட்டு மாத்தலேன்னா பாதத்தையே எடுக்கணுமாம். சாயந்தரம் கதவு திறந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அவ்வளவுதான் சொன்னாள். யாரும் அழவில்லை. சமத்துவ அலுவலர் முகத்தில், பழகிய பாட்டில் நல்ல அடி ஒன்றை விட்டுவிட்டார்களே என்ற குறை தெரிந்தது. கைக்குட்டையை எடுத்த பொருளாளர் அதை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். இயக்குநர் அம்மா நெஞ்சில் கை வைத்து, கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

மணல் கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். மெல்லிய இடுப்பில் மணல் கட்டிதட்டி அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு கவனித்ததாகக் காட்டிக்கொள்ள முடியவில்லை. பேசக்கூடாது, தொடக்கூடாது. விதியை எழுதியவர்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் அம்மா புருவத்தை உயர்த்தி அலுவலருக்குச் சாடை காட்டினார். அம்மா ஆழமாக உள்வாங்குகிறார் என்று நினைத்து அவர் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். பொருளாளரிடமிருந்து சீரான மூச்சுச் சத்தம் வந்தது. மழை ஒருமுறை வலுத்து ஓய்ந்தது.

தையல்காரிக்கு வேலை ஒன்றுமில்லாததால் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். விதிகளை இத்தனை நிதானமாக அவள் படித்ததில்லை. இரண்டாவது விதிக்குக் கீழே, அழகுக்காகச் சேர்த்தது போல, சாய்வெழுத்தில் ஒரு வரி இருந்தது. சமூகக் குரலை எந்த மௌனமும் தடுக்காது. அவள் அதைத் திரும்பப் படித்தாள். பிறகு முதல் விதியைப் படித்தாள். பிறகு அடைத்துக்கொண்ட மணலைப் பார்த்தாள்.

தொண்டையைக் கனைத்தாள். எல்லோரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள், பொருளாளரைத் தவிர.

"நான் பேசலாம்னு அதோ போட்டிருக்கு," என்றாள். சுவரைக் காட்டினாள். "தப்புன்னா சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை.

"ஒரு யோசனை. நாளையிலேர்ந்து சாயந்தர கிளினிக்கைத் திறக்கணும். நர்ஸை அந்த ஆய்விலேர்ந்து எடுத்துத் திருப்பி அங்கேயே போடணும். இதுக்கு மறுப்பு இருக்கிறவங்க சொல்லிடுங்க."

இயக்குநர் அம்மாவின் வாய் திறந்தது. கண் கடிகாரத்தின் மேல் போயிற்று. வாய் மூடிக்கொண்டது. முகத்தில் ஈயாடவில்லை. சமத்துவ அலுவலரின் முக்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. கிறீச்சிடுவது மறுப்பாகுமா என்று தையல்காரி அவரையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவசரப்படவில்லை. இத்தனை மாதங்களாக அவர்கள் அவளுக்குக் கொடுத்த மௌனத்தை, மடிப்புக் கலையாமல் அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அப்ப நிறைவேறிடுச்சு. எழுதிக்குங்க சார். எழுதுறது பேசுறதில்லையே."

அலுவலர் எழுதினார். கூட்டக் குறிப்பு எழுதியே பழகிய கை அது.

அதன் பிறகு அவள் எழுந்து போய், விரல் நகத்தால் கடிகாரத்தின் இடுப்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். மணல் சரசரவென்று இறங்கியது. இதை அவள் முதலிலேயே செய்திருக்கலாம்.

பேச்சு வந்ததும் இயக்குநர் அம்மாவின் கண்ணில் முதலில் வந்தது கோபம்தான். அது இமைக்குள்ளேயே உருமாறித் தண்ணீராக வெளியே வந்தது.

"இதுக்காகத்தான் நாம இத்தனை வருஷமா பாடுபட்டோம்," என்றார்.

"நிறைவேறிடுச்சா?" என்று கேட்டபடி பொருளாளர் கண் விழித்தார்.

"நிறைவேறிடுச்சு."

"ரொம்ப நல்லது. என்னது?"

மறுநாள் சாயந்தரம் கதவு திறந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் அன்றே மாமியாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பித்தது. சற்று முன்னால் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

இயக்குநர் அம்மா வெளியூர் மாநாடு ஒன்றில், மௌனத்தின் வழியே அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்தது எப்படி என்று பேசிவிட்டு வந்தார். மேடையில் அவர் சொன்ன கதையில் மாமியார் இறந்துபோயிருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள். சாய்வெழுத்து வரி சட்டத்திலிருந்து காணாமல் போனது. மணல் கடிகாரம் இருந்த இடத்துக்கு ஒரு மணி வந்தது. அதை இயக்குநர் அம்மா மட்டும் அடிக்கலாம். தையல்காரிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதவு திறந்துவிட்டதால் பூட்டிய கதவின் முன் நிற்கும் அனுபவம் இப்போது அவளுக்கு இல்லையாம். புதிய சமூகக் குரலைத் தேடுகிறார்களாம். சுவரில் அவள் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

இதையெல்லாம் அவள் கிளினிக்கின் நீள பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். பக்கத்தில் மாமியார், புதுக் கட்டுப் போட்ட காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்காரிக்குப் பயமாகக்கூட இருந்தது.

"என்ன அத்தை, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"யோசிக்கிறேன்டி. புது ஆள் தேடுறாங்கன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"என் பேரைக் குடு," என்றாள் மாமியார். "இன்னும் ஒன்பது விரல் மிச்சம் இருக்குன்னு சொல்லு. ரொம்ப நாளைக்கு அழலாம்."