இரண்டு வாய் ரெண்டாங்

இயேசுதாசன் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுக்குமுன் மேசையிலேயே ரத்த வாந்தி எடுத்துச் சரிந்தார். அவர் மனைவி பிரிஜட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் நன்றாக ஓடியது.

நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு ரஷீதா கொண்டுவந்து கொடுத்த ஆட்டு ரெண்டாங், தேங்காய்ப்பாலில் வற்றவைத்த மலாய்க் கறி அது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக்கின் பதினோராம் மாடி முழுக்க அவள் குரல் கேட்டது.

"என்னத்தடி போட்டுச் சமைச்ச? நல்லா இருந்த மனுஷன்டி!"

புதுத் துணியோடு வாசலில் நின்ற ரஷீதாவின் காதில்தான் அத்தனையும் விழுந்தது. பதினெட்டு வருடப் பழக்கம் இரண்டே நிமிடத்தில் சந்தி சிரித்தது.

பிரிஜட்டையும் என்ன சொல்வது? சாப்பிட்டார், விழுந்தார். நடுவில் மூச்சு விடக்கூட நேரமில்லை. வேறு யாரைத்தான் அவள் பிடிப்பாள்?

மருத்துவமனையில் டாக்டர் ஸ்ரீராம் கறியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ரத்தம் நின்னுருச்சு, பயப்படாதீங்க. வலி மாத்திரை ஏதாச்சும் எடுக்கிறாரா?"

"முட்டி வலிக்கு, டாக்டர். திருச்சியிலேர்ந்து என் தங்கச்சி அனுப்பினது. தவக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து தினம் காலைப் பூசைக்குப் போறோம். முட்டி போட முடியலன்னாரு."

"சாப்பிட்டுட்டுப் போடுவாரா?"

"பூசையில நன்மை, அதான் அப்பம், வாங்கறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதே. தண்ணி, மருந்துன்னா பரவால்ல. வெறும் வயித்துல, ரெண்டு ரெண்டா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதான். நாலு வாரமா வயிறு புண்ணாகிட்டு வந்திருக்கு. இன்னிக்கு உடைஞ்சிருச்சு."

"அப்ப அந்தக் கறி?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

பிரிஜட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் விடியற்காலையில் மாத்திரையைப் பிரித்து நீட்டியது அவள் கை. வேண்டாமென்ற நாளிலும் அதட்டி விழுங்கவைத்தது அவள். விழுங்கியவுடன் ஒருநாளாவது அவர் முகம் சுளித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அவரோ ஜம்மென்று பூசைக்கு நடந்தார்.

வெளியே வந்தால், நாற்காலியில் ரஷீதா. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. நான்தான் காரத்த அள்ளிப் போட்டுட்டேன். மிச்சத்தயெல்லாம் கொட்டிட்டேன். இனி யாருக்கும் சமைச்சுக் குடுக்க மாட்டேன்லா."

தலையை ஆட்டிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. பிரிஜட் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ இல்லடி. நான். நான் குடுத்த மாத்திரை."

ரஷீதா நம்பவில்லை.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்கக்கா," என்று இன்னும் பெரிதாக அழுதாள். "என் கறியத் தின்னுதானே விழுந்தாரு, நான் பாத்தேனே!"