இனிமே குரல் கொடுக்க வேணாம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகாராக வந்தது. அண்ணி போன் செய்து, "உங்கண்ணன் என் வாயை அடைச்சிட்டாரும்மா" என்றாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, சண்டை போட்டிருக்கிறார்கள்! சண்டை போட வேண்டுமென்றால் முதலில் பேசியிருக்க வேண்டுமே. "என்ன சொன்னான் அண்ணி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அவரு எங்க சொன்னாரு? கிணத்து மோட்டாருக்கு ஏதோ பொட்டி மாட்டிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மோட்டாருக்குப் பெட்டி மாட்டியதற்கு யாராவது அழுவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். (உட்காராமல் நேரே கிளம்பிப் போயிருக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் கதை எழுதுவதில்லை. அதனால் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கிணற்றடியில் அண்ணன் நின்றிருந்தான். வானம் —"

வானத்தை விடுங்கள். வானத்திடம் அவர்களுக்கு வேண்டியது வெயில் மட்டும்தான். மின்கம்பங்கள் பெரிய சாலையோடு நின்றுவிடுகின்றன, அதைத் தாண்டி உள்ளே இருப்பது அண்ணன் வீடு. கூரையில் சோலார் தகடுகள், மாடிப்படிக்குக் கீழே பேட்டரிகள், சுவரில் இன்வெர்ட்டர். அவ்வளவுதான் அவர்களுடைய மின்சார வாரியம்.

அதில் எல்லாம் ஓடும். தகராறு கிணற்று மோட்டாரால்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் அது பரம சாது. எழுந்திருக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் ஐந்தாறு மடங்கு கரண்டை ஒரே இழுப்பில் இழுக்கும். அசந்து தூங்குகிறவனை எழுப்பி உட்காரவைப்பதுதானே கஷ்டம், அப்புறம் அவனே நடந்துவிடுவான். ஃபிரிட்ஜும் அண்ணியின் தையல் மிஷினும் ஓடும்போது மோட்டாரைப் போட்டால் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். வீடு மொத்தமும் அணைந்துபோகும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம். அண்ணன் மோட்டார் அறையிலிருந்து "ஆச்சா?" என்று கத்துவான். அண்ணி மிஷினை நிறுத்துவாள், எழுந்து சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜையும் அணைப்பாள், பிறகு "ஆச்சு!" என்பாள். அதற்கப்புறம்தான் சுவிட்ச். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள்: சமையல் ஆச்சு, கல்யாணம் ஆச்சு, நேரம் ஆச்சு. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம்மால் ஒரு ஆயுளை ஓட்டிவிட முடியும். அண்ணியின் ஆச்சுவில் பல ரகம். மனசு சரியில்லாத நாளில் "ச்சு" மட்டும் கேட்கும். கொஞ்சம் தெளிந்த நாளில் கடைசி எழுத்து நீண்டு "ஆச்சூ" என்று வரும். அப்படி வந்த நாளில் அண்ணன் ஒரு தோசை கூடச் சாப்பிடுவான்.)

தோசை வரியை அடித்துவிட வேண்டும். அவன் கூடச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தேன், அது நிஜம்.

3

அந்த வீட்டில் பேசப்பட்டவை அந்த இரண்டு சொற்கள்தான். மற்றதெல்லாம் ஜாடை, செருமல், டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மகள் காலேஜுக்குப் போக ஸ்கூட்டர் கேட்டாள். அண்ணி வேண்டாம் என்றாள். அண்ணன் வாங்கிக் கொடுத்தான்.

(இங்கே ஒரு நீளமான பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அத்தை அத்தை என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை அவள். சாலையில் அவள் உயிர் போனதை வர்ணித்து நான் பேர் வாங்க வேண்டாம்.)

அண்ணி அதற்குப்பின் ஒருநாளும் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் இருவரும் கத்தி, அழுது, விழுந்து எழுந்திருப்பார்கள். அவள் சொல்லாமல் இருந்ததை அண்ணனால் தாங்க முடியவில்லை. அவள் எதிரில் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தே மூடிக்கொண்டான். சண்டை இல்லை, வெறுப்பும் இல்லை. பேச்சு தீர்ந்துபோயிற்று. மோட்டாருக்குப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதால் அந்த இரண்டு சொற்கள் மட்டும் பிழைத்துக் கிடந்தன.

4

இப்போது அந்தப் பெட்டி. அண்ணன் பழைய மோட்டாரை மேலே தூக்கிவிட்டு மூன்று பேஸ் மோட்டார் ஒன்றை இறக்கினான். அதற்கு முன்னால் டிரைவ் என்று ஒரு பெட்டி. அது மோட்டாரை உதைத்து எழுப்பாது, மெல்ல மெல்ல வேகம் ஏற்றி எழுப்பும். விளக்கு ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டாது. மேலே தொட்டியில் ஒரு மிதவை, தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானே ஓடிக்கொள்ளும். வேலையாக மட்டும் பார்த்தால் அருமையான வேலை.

மாட்டிய எலக்ட்ரீஷியன் நல்ல வாயாடி. அந்த வீட்டு அமைதியைப் பார்த்து அவருக்கே மூச்சு முட்டியிருக்கும். கிளம்பும்போது அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்:

"அம்மா, இனிமே நீங்க ஃபிரிட்ஜை நிறுத்த வேணாம், மிஷினை நிறுத்த வேணாம், குரல் கொடுக்கவே வேணாம். ஐயா சொல்லச் சொன்னாரு."

அண்ணியின் காதில் முன்பாதி விழவில்லை.

"இருந்தது ஒரே ஒரு வார்த்தை" என்றாள் என்னிடம். "அதையும் வேணாம்னு ஆள் விட்டுச் சொல்லியனுப்பிட்டாரு."

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "என்னண்ணா, திடீர்னு பொட்டி?"

"அவளுக்கு முட்டி வலி. ஒவ்வொரு வாட்டியும் மேசையைப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறா. ஜன்னல் வழியா தெரியுது."

"அதை அவங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"ஏன், எலக்ட்ரீஷியன் சொல்லலையா?"

தலையில் அடித்துக்கொண்டேன். இப்படி ஒரு தப்பை இவர்கள் இரண்டு பேரால்தான் செய்ய முடியும். உடனே அண்ணியைக் கூப்பிட்டு, முட்டி வலிக்காகத்தான் செய்திருக்கிறான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"முட்டி வலிக்குதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே" என்றாள்.

"அவன் பாத்திருக்கான் அண்ணி."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஒரு சுற்று ஓடி நின்றது. அப்புறம், "அப்ப அதை அவரே சொல்லட்டும். அவரு மனசுல இருக்கறதை நான் ஊர்ல உள்ளவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா? ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறேம்மா. திரும்பி வர்ற மாதிரி போகல" என்றாள்.

5

எனக்கு ஒரு முடிவு வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள்.

எலி ஒன்றை அனுப்பி டிரைவ் பெட்டியின் வயரைக் கடிக்கவைக்கலாம். பழைய மோட்டார் திரும்ப இறங்கும், ஆச்சா, ஆச்சு, சுபம். எலியை விட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவள் என்று என்னை ஊரே சிரிக்கும். போதாக்குறைக்கு அண்ணியின் முட்டிக்கும் வலி திரும்பி வரும்.

அண்ணனை பஸ் நிலையம்வரை ஓடவிடலாம். "நீ இல்லாம இந்த வீட்டுல —" என்று ஒரு வசனம்கூட எழுதிப் பார்த்தேன். சகிக்கவில்லை. அவன் ஓடி நான் பார்த்ததில்லை. எவ்வளவு வசனம் தைத்துக் கொடுத்தாலும் அவன் வாய்க்கு அளவு சேரவில்லை. இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக முட்டி வலியைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, கதவு வழியாக வந்து அதைச் சொல்லத் தெரியாதா? தெரியாது. எனக்குத் தெரிந்த ஆம்பிளைகளில் பாதிப்பேர் அப்படித்தான்.

மூன்றாவதில் அவள் போய்விடுகிறாள். தொட்டியில் தண்ணீர் இறங்குகிறது, மோட்டார் சத்தமில்லாமல் எழுந்து நிரப்புகிறது, குளிக்க ஒரே ஆள்தான். இதை ஒரு தடங்கலும் இல்லாமல் எழுதி முடித்தேன். முடித்ததும் பயமாக இருந்தது. இவ்வளவு லேசாக வந்த முடிவு நடந்தும்விடும் என்று தோன்றி, அழுகை வந்தது.

6

போன் அடிக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன்.

"அவ பையை எடுத்து வச்சிக்கிட்டிருக்கா" என்கிறான். குரலை அடக்கிப் பேசுகிறான், பக்கத்து அறையில்தான் அவள் இருக்க வேண்டும். பீரோக் கதவு கிறீச்சிடுவது எனக்கே கேட்கிறது.

"சரி."

"நீ கொஞ்சம் அவகிட்ட சொல்லேன்."

"என்ன சொல்லணும்?"

"போக வேணாம்னு." குரலை இன்னும் இறக்குகிறான். "அன்னிக்கு ஸ்கூட்டர் வேணாம்னு அவ சொன்னதுதான் சரின்னு. நான்தான் கேக்கலைன்னு. நான்தான்... நீ நல்லாச் சொல்லுவே. நீ சொல்லு."

நான் நல்லாத்தான் சொல்வேன். சொற்கள் எல்லாம் இப்போது என் கையில் இருக்கின்றன. இந்தக் கதைக்கு இத்தனை நாளாக நான் தேடி அலைந்த வசனம் அது, நான் எழுதியிருக்கவே முடியாத வசனம். என் வாயால் போனால் அண்ணி அழுதுகொண்டே கேட்டுக்கொள்வாள், ஆனால் பையைக் கீழே வைக்கமாட்டாள். எலக்ட்ரீஷியனுக்கு அப்புறம் நான் ஒருத்தி வந்து சொன்னதாக ஆகும், அவ்வளவுதான்.

"அண்ணா, இதை நான் சொன்னா செல்லாதுண்ணா. போனை வச்சிட்டு உள்ள போ."

"நீ லைன்ல இரு. வச்சிடாதே. நீ லைன்ல இருந்தா நான் —"

"நான் இருந்தா நீ போகமாட்டே."

அவன் மூச்சுதான் கேட்கிறது. அந்தப் பக்கம் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம். அது பாதியில் சிக்கிக்கொள்கிறது, மறுபடி இழுக்கிறாள். பாவிப்பயலே, போயேன். அவனுக்கு என்னோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இருக்கிறவரை அவன் அந்தக் கதவைத் தாண்டமாட்டான்.

நான் போனை வைத்துவிட்டால் அவன் பேசுவதற்கு மிச்சமிருக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

வைக்கிறேன்.

இனி அங்கே நடப்பது எனக்குக் கேட்காது. நான் எழுதவும் மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் அந்தக் கதவோரம் நின்று பாருங்கள். ஆனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவனுக்கு யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.