ஆறரை மணி பார்ட்னர்

சிவசுப்பிரமணியன் மூன்றாவது தடவையாகப் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார். மேல்தட்டுச் சேலைகளைக் கட்டிலில் போட்டு உதறினார். மடிக்கத் தெரியாமல் சுருட்டித் திரும்பவும் உள்ளே திணித்தார். அடித்தட்டில் மின்கட்டண அட்டையும், பழைய கேஸ் புத்தகமும், மகள் ஸ்ருதியின் பள்ளிக்கூட மார்க் சீட்டுகளும் இருந்தன. கூறைப்பட்டு மட்டும் இல்லை.

கூடத்தில் அவருடைய மனைவி காந்திமதி கிடந்தாள். விடியற்காலை நாலரைக்கு நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். புனேயிலிருந்து விமானம் பிடித்து ஸ்ருதியும் மாப்பிள்ளையும் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். இனி நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்ட வேண்டியதுதான். குளிப்பாட்டியதும் கட்டிவிடச் சேலை வேண்டும்.

"ஏலே சுப்பிரமணி, கெடைச்சுதா?" அவருடைய அக்கா ஆவுடையம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். "சுமங்கலியாப் போறா. கல்யாணச் சேலையைக் கட்டித்தான் அனுப்பணும். நம்ம அம்மைக்கும் அப்படித்தான செஞ்சோம்."

"தேடிக்கிட்டுத்தான இருக்கேன்."

"முப்பத்து மூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்க. எங்கன வச்சிருக்கான்னு தெரியாதாக்கும்?"

தெரியாது. சங்கரன்கோவில் – ராஜபாளையம் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கரிவலம்வந்தநல்லூரில் யார் ஏறுவார், யார் சில்லறை இல்லை என்று கையை விரிப்பார் என்பதெல்லாம் அத்துபடி. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். எது வேண்டுமானாலும் காந்திமதியைக் கூப்பிட்டால் போதும். சேலையையும் அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியாதவை இன்னும் கூடிப்போயிருந்தன. ஸ்ருதி ஒரு மராத்திக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் வராது. அவரோடு நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று காந்திமதி போனிலேயே நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். காலையில் பாடம் வரும். மாலை ஆறரைக்குப் பார்ட்னரோடு போனில் பத்து நிமிஷம் பேசி, பேசியதைப் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும். அன்றைய வார்த்தையை வைத்து அவரவர் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், இட்டுக்கட்டக் கூடாது என்பதில் அந்த டீச்சர் கண்டிப்பு. வகுப்பில் சங்கரன்கோவில்காரர்கள் இரண்டே பேர். ஒன்று காந்திமதி. இன்னொன்று, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தாஹா. அவன்தான் அவளுடைய பார்ட்னர். நாற்பது வயதுக்காரன், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

"இங்கிலீஷ்ல புட்டுன்னா வைக்கது," என்று ஒருநாள் தோசையைத் திருப்பிப் போட்டபடி காந்திமதி அவருக்கு விளக்கினாள். "அது பக்கத்துல ஆஃபுன்னு போட்டா தள்ளிப் போடுதது. அவேன்னு போட்டா எடுத்துப் பத்திரமா வைக்கது. அப் வித்துன்னா பொறுத்துப் போறது. ஒரு சின்ன வார்த்தை பக்கத்துல வந்து நின்னதும் ஆளே மாறிப் போவுது, பாத்தியளா."

அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்து மூன்று வருஷம் பக்கத்தில் நின்றும் தன்னால் இவள் இப்படி மாறியதில்லையே என்று நினைத்தார். தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

ஆறரைக்கு அவள் பின்வாசல் படியில் உட்காருவாள். 'மை ஹஸ்பண்ட்' என்பது அவருக்கு விளங்கும். அதற்குப் பின்னால் வருவது ஒன்றும் விளங்காது. சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவர் வேறு எப்போதும் கேட்டதில்லை. தன்னைப் பற்றித் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து எவனோ ஒருவனிடம் என்னதான் சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். பொறுக்க முடியாத நாளில் குழாயைத் திறந்துவிட்டு வாளியை உருட்டுவார். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'கெட் டவுன்' என்று சொல்லக் கூடாதாம், 'கெட் ஆஃப்'தானாம், தாஹா தம்பியும் இத்தனை நாள் தப்பாகத்தான் சொன்னாராம் என்று ஒருநாள் வந்து சொன்னாள். முப்பத்தொரு வருஷம் 'கெட் டவுன்' என்று கத்திய தொண்டை அவருடையது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இதற்குப் பெயர் பொறாமை என்று அவருக்கே தெரிந்திருந்தது. அறுபத்திரண்டு வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலையிலிருந்தே தாஹா கடையைப் பூட்டிவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தான். கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சிவசுப்பிரமணியனுக்கு இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. இவன் அழுவதை ஊர் பார்க்கிறது, புருஷன்காரன் குத்துக்கல் மாதிரி நிற்கிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று அவருக்கு எரிந்தது.

சேலை கிடைக்காத விஷயம் பெண்கள் வாய் வழியாகப் பந்தலுக்குப் போயிருக்க வேண்டும். தாஹா எழுந்து வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. புட் அவே பாடம் நடந்த அன்னைக்கு அக்கா ஒண்ணு சொன்னாங்க. கல்யாணச் சேலை பரண்ல தகரப்பெட்டிக்குள்ள இருக்குன்னு. உங்க முதல் காக்கிச் சட்டையில சுத்தி வச்சிருக்கேன்னாங்க."

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று தணிந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அந்தச் சட்டையப் பாத்திரக்காரன்கிட்டப் போட்டு எத்தனையோ வருஷமாச்சு," என்றார்.

"ஏறிப் பாத்தா என்னல கொறஞ்சா போவ?" என்றாள் ஆவுடையம்மாள்.

மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டு தான் ஏறுவதாகச் சைகை காட்டினார். சிவசுப்பிரமணியன் அவரை விலக்கிவிட்டு ஏறினார். பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்கும் கொலுப் பொம்மை மூட்டைக்கும் பின்னால் தகரப்பெட்டி இருந்தது. முழங்காலில் தவழ்ந்து போய் மூடியைத் திறந்தார். ரசகற்பூர உருண்டையின் வாசனை மூக்கில் ஏறியது.

காக்கிச் சட்டைதான். இடது பையில் பித்தான் போயிருந்தது. அது எங்கே போனது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே அரக்கு நிறத்தில் பட்டு தெரிந்தது. சட்டையின் இரண்டு கைகளையும் குறுக்கே கொண்டுவந்து சேலையின் மேல் முடிச்சுப் போட்டிருந்தாள்.

அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். அவருக்கோ வயிறு எரிந்தது. இதைத் தன்னிடம் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது இதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால், கண்ணாடிக் கடைக்காரன் சொல்லித்தான் பெண்டாட்டி சேலையைக் கண்டுபிடித்தானாம் என்று காலம் பூராவும் சொல்வார்கள்.

மூடியைச் சாத்தினார்.

"இங்கன ஒண்ணும் இல்ல," என்று கீழே குரல் கொடுத்தார்.

போன தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பட்டையாவது கட்டிவிடுவோம் என்று ஆவுடையம்மாள் அலுத்துக்கொண்டாள். பிறகு வாசலிலிருந்து தாஹாவின் குரல் வந்தது.

"அப்ப எனக்குத்தான் சரியா விளங்கியிருக்காது, அண்ணாச்சி. என் இங்கிலீஷு லட்சணம் அப்படி. அக்கா சரியாத்தான் சொல்லியிருப்பாங்க."

அவள் பொய் சொன்னதாகி விடக் கூடாதே என்று தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அது சிவசுப்பிரமணியனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. காந்திமதிக்காக விட்டுக்கொடுப்பதிலும் இவன் முந்திக்கொண்டானே. சாத்திய பெட்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் அவள் பச்சைச் சேலையோடு போய்விடுவாள். அதற்குப் பிறகு இந்தப் பெட்டியை அவர் எந்த முகத்தோடு திறப்பது?

"ஸ்ருதி," என்று கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து மூட்டையை எடுத்துக் கீழே நீட்டினார். "இந்தா, பிடி."

காக்கி மூட்டையை ஸ்ருதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தாஹா வேண்டுமென்றே முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவளைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவி விளக்கு ஏற்றியிருந்தார்கள். சேலையை அவளுக்குக் கட்டிவிட எடுத்தவர்கள் சட்டையை மட்டும் நாற்காலி முதுகில் போட்டிருந்தார்கள். அவர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்நேரம் அடுக்களை மேடையில் காந்திமதியின் போன் அடித்தது. யாரும் கூப்பிடவில்லை, ஆறரைக்கு அவள் வைத்திருந்த அலாரம்தான் அது.

அவர் போனோடு வெளியே வந்தார். பந்தலில் தாஹா நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவ அன்னைக்குச் சொன்னது இதுல இருக்கா?"

தாஹா போனை வாங்கி வெகுநேரம் மேலே தள்ளித் தள்ளித் தேடினான். பிறகு ஓரிடத்தில் தொட்டான். காந்திமதி பேசினாள். இருட்டில் படி இறங்குகிறவளைப் போல ஒவ்வொரு வார்த்தையாகக் கால் வைத்துப் பேசினாள். 'மை ஹஸ்பண்ட்' என்றாள். தாஹாவின் குரல் ஏதோ கேட்டது. அதற்கு அவள் நீளமாகப் பதில் சொன்னாள். அதிலும் 'மை ஹஸ்பண்ட்' வந்தது. கடைசியில் அந்தச் சிரிப்பு.

"ஏன் அந்தச் சட்டையில போய்ச் சுத்தி வச்சீங்கன்னு நான் கேட்டேன், அண்ணாச்சி. அதுக்கு அக்கா என்ன சொல்லுதாங்கன்னா…"

"சொல்லாதேயும்."

தாஹா நிமிர்ந்து பார்த்தான்.

"நீரு சொல்லப்பிடாது," என்றார் சிவசுப்பிரமணியன். "அதையாவது நானாத் தெரிஞ்சுக்கிடுதேன். மறுபடியும் பேச எங்கன தொடணும், அதை மட்டும் காட்டும்."

தாஹா இடத்தைக் காட்டினான். சாவு நடந்த துட்டி வீடு என்பதால் போய்வருகிறேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவர் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் தொட்டார். 'மை ஹஸ்பண்ட்' வந்தது. அடுத்த வார்த்தைக்குக் காதைக் கொடுத்தார். விளங்கவில்லை. மறுபடியும் தொட்டார்.