ஆறா, ஏழா

1
இது திருட்டுச் சரக்கு. என் நாத்தனார், பிறந்த குழந்தைகளின் இதயத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். போன வாரம் என் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அண்ணி, இதக் கதை கிதைன்னு எழுதிடாதீங்க" என்றாள். மண்டையை மண்டையை ஆட்டினேன்.

2
முதல் வரி: அறையில் மயான அமைதி நில... (அடித்துவிட்டேன். அங்கே மானிட்டர் ஓயாமல் கத்தியதாம். யாரோ தும்மினார்களாம்.)

மாற்று வரி: பிறந்து நாலே நாளான பெண் குழந்தைக்கு, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு சரியாகத் திறக்கவில்லை. இது நிற்கட்டும்.

தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் குட்டி பலூனை ஏற்றி, வால்வுக்குள் வைத்து ஊத வேண்டும். பலூன் சின்னதானால் வால்வு திறக்காது. பெரிதானால் வால்வே கிழிந்து, போன ரத்தம் திரும்பி இதயத்துக்குள்ளேயே ஒழுகும்.*

* போன வருடம் வேறொரு குழந்தைக்குப் பெரிய பலூனை எடுத்தாள். அது பிழைக்கவில்லை. இதைச் சொல்கையில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

3
நாத்தனாரைத் தைரியசாலியாக எழுதியிருந்தேன். பொய். உள்ளே போகும் முன் வாந்தி எடுத்திருக்கிறாள். வாசலில் குழந்தையின் அம்மா, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி நின்றாளாம்.

"டாக்டர், பால் கட்டிக்கிட்டு வலிக்குது. எப்பக் குடுக்கலாம்?"

"முதல்ல இது முடியட்டும்மா."

அந்த அம்மாவுக்கு உருக்கமாக ஒரு பக்கம் வசனம் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

4
ஆறு மில்லிமீட்டர் பலூனை ஊதினாள். வால்வு கொஞ்சம் திறந்தது; போதவில்லை. துடிப்பு விழுந்து, மெல்ல ஏறியது.

"இன்னும் ஒரு தடவைதான் தாங்கும்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"ஏழு பிரிக்கவா மேடம்?" என்று அடுத்த பலூன் பாக்கெட்டை எடுத்தபடி நர்ஸ் கேட்டாள்.

5
முடிவு: ஏழு. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போ... (வேண்டாம், வாசகரைக் குளிர்விக்கிற வேலை.)

இன்னொன்று: ஏழு. வால்வு கிழிந்தது. அம்மா

(இதற்கு மேல் கை ஓடவில்லை. 'இத்தோடு போதும் என்று நிறுத்தினாள்' என்ற முடிவும் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன்; அதிலும் குழந்தைக்கு நல்லபடியாகப் போகவில்லை.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். நேற்று குற்றவுணர்ச்சி தாங்காமல் இதை அவளிடமே நீட்டினேன். கோபிக்கவில்லை.

"என்ன ஆச்சுன்னு மட்டும் எழுதாதீங்க அண்ணி. அது தெரிஞ்சுட்டா, நான் செஞ்சது சரியா தப்பான்னு ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லுவாங்க. அன்னைக்கு எனக்குத் தெரியாதே."

அதனால் எழுதவில்லை. கம்பி இன்னும் குழந்தையின் இதயத்துக்குள்தான் இருக்கிறது. நர்ஸ் காத்திருக்கிறாள். ஆறோடு நிறுத்துவதா, ஏழா? நீங்களே சொல்லுங்கள். என் நாத்தனாருக்குக் கிடைத்தது இருபது விநாடி. இந்தப் பத்தியிலேயே உங்களுக்குப் பாதி போய்விட்டது.