எறும்பு வேஷம் கட்டியவன்

சோதனைக் குழாயின் வாயில் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திணித்திருக்கலாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதைச் செய்யவில்லை. அவர் மனைவி வளர்த்த சிலந்தி கம்பி நீட்டிவிட்டது.

வலை பின்னும் ரகமில்லை அது. தாவி இரை பிடிக்கிற ஈப்புலி. அதிலும் அச்சு அசலாக எறும்பு வேஷம் கட்டும் இனம். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், நோயில் படுத்த பிறகு, அதை வரைந்து முடிப்பதற்காக மட்டுமே தலையணையில் சாய்ந்து உட்காருவாள். அது தொலைந்ததென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தொட்டிச் செடியிலிருந்து ஒரு சிவப்பு எறும்பைப் பிடித்துக் குழாயில் போட்டு, ஒன்றுமறியாதவர் போல நீட்டினார்.

அவள் உருப்பெருக்கியை எடுத்தாள்.

"ஏங்க, இதுக்கு எத்தனை காலு?"

"எட்டு" என்றார் பார்க்காமலே.

"எண்ணிப் பாருங்க."

ஆறுதான் இருந்தது.

"தலையில ரெண்டு உணர்கொம்பு வேற. நம்மாளுக்குக் கொம்பு ஏது? முன்னங்கால் ரெண்டையும் தூக்கி ஆட்டிப் பாவ்லா காட்டுவான். ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறீங்களே, உங்க கண்ணை யாரு பாக்குறது?"

சிரித்தாள். இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"கோவமா?"

"அதை அப்புறம் வெச்சுக்கறேன். மொதல்ல தேடுங்க. வரிசையில போறதை விடுங்க. இவன் தனியாத்தான் திரிவான். வாய்க்கு முன்னாடி எதையோ கவ்விட்டுப் போற மாதிரி நீளமா ரெண்டு தாடை இருக்கும். கிட்டப் போனா, முன்னாடி இருக்கிற ரெண்டு பெரிய கண்ணால உங்களையே மொறைப்பான்."

"என்னை மொறைக்க இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கே!"

திரைச்சீலை மடிப்பில் ஒற்றை எறும்பு ஒன்று நின்றது. அவர் குனிந்தார். அது நின்ற இடத்திலேயே திரும்பி அவரைப் பார்த்தது. குழாயை நீட்டுவதற்குள் ஒரே தாவல். பின்னால் மெல்லிய நூல் இழுபட, அவர் சட்டைத் தோளில் வந்து இறங்கியது.

"அசையாதீங்க! அப்படியே இங்க வந்து உக்காருங்க."

கட்டில் விளிம்பில் சிலையாக உட்கார்ந்தார். அவள் உருப்பெருக்கியோடு தோளருகே சாய்ந்தாள். மூச்சு அவர் கழுத்தில் பட்டது. தாடையின் பல்வரிசையைப் பார்ப்பதும், மடியிலிருந்த தாளில் கோடு இழுப்பதுமாக இருந்தாள்.

"மூச்சையாவது விடுங்களேன். உங்களை வரையலை, அவனைத்தான் வரையறேன்."

வரைந்து முடித்ததும் சிலந்தியைக் குழாய்க்குள் தட்டிவிட்டு, பஞ்சைத் தானே அடைத்தாள்.

"முடிஞ்சுது, எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. தோளில் இன்னும் ஏதோ ஊர்கிறது, நன்றாகப் பார் என்றார். அவளும், பொய்யென்று தெரிந்தே, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.