பாக்கியநாதன் வசம் மட்டும்

அமலராணி அலற வாயைத் திறப்பதற்குள் ஷெர்லின் தன் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள். அம்மாவின் மூச்சு சூடாக விரல்களில் முட்டியது.

"அழாதம்மா. இப்ப அழக் கூடாது. பாப்பா வீட்டுக்கு வந்து சேரட்டும்."

கட்டிலில் பாக்கியநாதன் ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே இருந்தார். மதியம் மீன் குழம்புச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தூங்கப் போனவர். நாலு மணிக்குப் பேத்தியைக் கூட்டிவரக் கிளம்ப வேண்டும் என்று, மூன்றரைக்குக் காபியோடு எழுப்ப வந்த ஷெர்லின் அவர் தோளைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பத்து வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு நாடி பிடித்துப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் பார்த்தாள். உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது.

அம்மா அவள் கையை விலக்கினாள். "என்னடி பேசுற? உங்கப்பாடி."

"தெரியும்மா."

பாலக்கரையில் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர்தான். இங்கே ஒரு அழுகைச் சத்தம் எழுந்தால் ஐந்து நிமிடத்தில் தெரு கூடிவிடும். பத்தாவது நிமிடம் பங்குக் கோயில் வாட்ஸப் குழுவில் அப்பாவின் படம் வந்துவிடும். அந்தக் குழுவில் பிரவீன்ராஜின் சித்தியும் இருக்கிறாள்.

பிரவீன்ராஜ் ஷெர்லினின் கணவனாக இருந்தவன். விவாகரத்தாகி ஒன்றரை வருடமாகிறது. மகள் பெலிண்டாவுக்கு ஆறு வயது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் ஸ்ரீரங்கத்தில் பிரவீன்ராஜின் ஃபிளாட்டுக்குப் போய், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். சிக்கல் அந்தத் திரும்புதலில்தான் இருந்தது. 'குழந்தையைத் தாய்வழித் தாத்தா பாக்கியநாதன் வசம் நேரில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்' என்றது ஒப்பந்தம்.

பேசி முடித்தது அப்படியல்ல. அப்போது இருவரும் நேருக்கு நேர் பார்த்தாலே சண்டை. அதனால் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் தாத்தா, அதன்பிறகு ஷெர்லின் என்றுதான் பேச்சு. அவளுடைய வக்கீல் ஜெபராஜ் அந்த 'முதல் மூன்று மாதத்துக்கு' என்பதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். அடுத்த கேஸைக் கூப்பிடுவதற்குள் எல்லாரும் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஷெர்லின் அதைச் சுட்டிக் காட்டியபோது, திருத்த மனு போட்டுக்கொள்ளலாம், அப்பாதான் கல்லு மாதிரி இருக்கிறாரே என்று சிரித்தார். மனு இன்றுவரை போடப்படவில்லை.

ஜனவரியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. பாப்பாவைக் கூட்டிவர அவருக்குப் பதில் ஷெர்லின் போய் நின்றாள். பிரவீன்ராஜ் கேட்டைத் திறக்காமல், செல்போனில் இருந்த அந்த வரியைப் படித்துக் காட்டினான். ஒன்பதாம் நாள் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் போய் இறங்கிய பிறகுதான் பெலிண்டா வீடு வந்தாள்.

இப்போது அவனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. இன்னும் நான்கு நாளில் மே மாதம். கோர்ட்டுக்கு விடுமுறை. அதற்குள் அவன் பெலிண்டாவோடு புனே போய்விடலாம்.

ஷெர்லின் ஜெபராஜுக்கு போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டவர், நாளைக்கே மனு போட்டாலும் நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் லீவு விட்டுவிடுவார்கள் என்றார்.

"பாப்பா உங்க கைக்கு வந்துட்டா நான் பார்த்துக்குறேம்மா. வரலைன்னா..." என்று நிறுத்தினார். "அதுவரைக்கும் அப்பா விஷயம் வெளிய தெரிய வேணாம்."

தன் தவறு என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கும் நேரமில்லை.

அம்மா அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்தாள். கைக்குட்டையால் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்தபோது, அந்தச் சத்தத்துக்கே இருவரும் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

"தாழ் போட்டுக்கம்மா. யாரு வந்தாலும் காய்ச்சல், தூங்குறாருன்னு சொல்லு."

"பக்கத்து வீட்டு ரஷீதா வந்தா?"

"ரஷீதாக்காவுக்கும் அதேதான்."

காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. ஷெர்லின் டிரைவரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, காய்ச்சலில் கிடக்கும் அப்பாவை விட்டுவந்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். கைப்பைக்குள் செல்போன் அதிரும்போதெல்லாம் வாட்ஸப் குழுதான் என்று அவசரமாக எடுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி மாற்றச் சொல்லி வந்த செய்தி.

கேட்டுக்கு உள்ளே பிரவீன்ராஜ் நின்றிருந்தான். பக்கத்தில் புத்தகப் பையோடு பெலிண்டா.

"மாமா எங்க?"

"காய்ச்சல். எந்திரிக்க முடியல."

"பேப்பர்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். இன்னிக்கு ஒரு நாளைக்கு..."

"நான் மாமாகிட்டயே பேசிக்கிறேன்," என்று செல்போனை எடுத்தான்.

அப்பாவின் போன் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் கிடந்தது. அதை அணைத்து வைக்க வேண்டும் என்று ஷெர்லினுக்குத் தோன்றவேயில்லை. மணி ஒலிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுங்க மாப்ள." அம்மாவின் குரல்.

"மாமாகிட்ட குடுங்க அத்தை."

"மாத்திரை போட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு. அவசரம்னா எழுப்புறேன். லைன்லயே இருங்க."

ஷெர்லின் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க." அம்மாவின் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. "ஏங்க, மாப்ள பேசுறாரு. எந்திரிங்க." மின்விசிறி சுற்றும் ஓசை. "ஏங்க..." இந்த முறை குரல் மெலிந்து, கெஞ்சுவது போலிருந்தது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டால் அம்மா உடைந்துவிடுவாள் என்று ஷெர்லினுக்குத் தெரிந்தது.

"வேணாம் அத்தை," என்றான் பிரவீன்ராஜ். "தூங்கட்டும்."

போனை வைத்துவிட்டு ஷெர்லினையே பார்த்தான். பிறகு கேட்டின் கொக்கியை நீக்கினான்.

"காலைல கூப்பிடுறேன். மாமா பேசணும்."

"பேசுவாரு."

ஆட்டோவில் பெலிண்டா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றாள் ஷெர்லின். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் திரும்பிப் பார்த்தாள். பாலம் தாண்டியும் பார்த்தாள்.

தாத்தா தூங்குகிறார் என்று சொல்லிப் பெலிண்டாவை ரஷீதா வீட்டில் விட்டுவிட்டு அவள் கதவைத் தட்டியபோது மணி ஆறரை. கதவைத் திறந்த அம்மா மறுபடியும் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். அவள் மடியில் அப்பாவின் போன் இருந்தது.

"வந்துட்டாளா?"

"ரஷீதாக்கா வீட்ல இருக்கா."

"இப்ப அழலாமா?"

ஷெர்லின் தலையசைத்தாள். அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கதறியது ஷெர்லின்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் தெரு கூடியது.

ஏழரைக்கு ஐஸ் பெட்டியோடு பிச்சமுத்து வந்தார். பங்கில் எந்தச் சாவு என்றாலும் பெட்டி, பந்தல், போஸ்டர் எல்லாம் அவர்தான். அப்பாவைப் பெட்டிக்குள் கிடத்தி, விரல்களில் ஜெபமாலையைக் கோர்க்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை; பல மணி நேரம் ஆன உடம்புபோல் விறைத்திருந்தன. இன்னொரு முறை முயன்றுவிட்டு நிமிர்ந்து அமலராணியைப் பார்த்தார். பிறகு ஷெர்லினை.

"போஸ்டர்ல நேரம் போடணும்," என்றார் தாழ்ந்த குரலில். "எத்தனை மணின்னு போட?"

யாரும் பதில் சொல்வதற்குள் சந்தில் பைக் ஒன்று வந்து நின்றது. வாசலில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பிரவீன்ராஜ் உள்ளே வந்தான்.

பிச்சமுத்து வெள்ளைத் துணியை இழுத்து அப்பாவின் கைகளை மூடினார். கண்ணாடி மூடியைச் சாத்தினார்.

பிரவீன்ராஜ் பெட்டியருகே நின்று வெகுநேரம் முகத்தையே பார்த்தான்.

"எப்ப அத்தை?"

அமலராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறரைக்கு மாப்ள. பேத்தியப் பார்த்துட்டுத்தான் போனாரு."

பிச்சமுத்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சுவரில் தாளை வைத்து, மாலை 6.30 என்று நிதானமாக எழுதினார்.