ஆப்ரிகாட் பூ நிறத்தில் ஒரு வலை

சனிக்கிழமை நூலக வாசிப்பறையில் இருந்தவர்கள்:

ரிம்மா பெத்ரோவ்னா, நூலகர். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை.

நெல்லி, மழலையர் பள்ளிச் சமையல்காரி. மூத்த மகன் யேகோர் போர்முனையில்.

கபிதோலினா, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. கோட்டில் கொடி நிறத்து நாடா குத்தாமல் ரொட்டி வாங்கக்கூடப் போகமாட்டாள்.

அலெவ்தினா, தபால் நிலையத்தில் வேலை. வீட்டில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் சூடேறுவதில்லை, நூலகத்தில் ஏறும்.

ஸ்லாதா, மருந்துக்கடைப் பெண். முதலாளி போகச் சொன்னதால் வருபவள்.

பெயரும் வேலையும் போதும் என்று கிளெப் சொல்லியிருந்தான். தாளில் ரிம்மா எழுதியதும் அவ்வளவுதான். மற்றவை அவள் மனதுக்குள் ஓடியவை. கிளெப் அந்த வட்டாரத்துப் போலீஸ்காரன். வாசிப்பறையின் பாதியை வலைச்சட்டம் அடைத்துக்கொண்டு நின்றதால் குழந்தைகளுக்கான குட்டி மேசைதான் மிச்சமிருந்தது. அதன் முன்னால் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தான். அவன் பூட்சிலிருந்து உருகிய பனி தரையில் ஓடி அலமாரிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்து, யார் என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, ரிம்மா பெத்ரோவ்னா."

ரிம்மா எழுதவில்லை.

இரண்டு வருடமாக அந்த அறையில், போர்முனையில் படையினர் எதிரி கண்ணில் படாமல் மறைந்துகொள்ளப் போர்த்தும் வலை பின்னுகிறார்கள். ஒவ்வொரு நூலகமும் மாதத்துக்கு மூன்று வலை என்று நகராட்சியிலிருந்து வாய்மொழியாகச் சொன்னார்கள், தாளில் எதுவும் வரவில்லை. ரிம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். மீன்வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பழந்துணியைக் கிழித்து, கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போடுவார்கள். பேச்செல்லாம் வெள்ளரிக்காய் ஊறுகாய், மூட்டுவலி, யார் மகளுக்கு யார் மகன் என்பதுதான். போரைப் போர் என்று யாரும் சொன்னதில்லை. 'அங்கே' என்பார்கள். அங்கே குளிராம். அங்கிருந்து ஒரு பெட்டி வந்ததாம். பெட்டி என்றால் எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை.

குளிர்காலம் முழுக்க வெள்ளை வலை. ஊரில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றுகூடப் பாக்கியில்லை. போன வாரம் யேகோர் தன் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். வெள்ளை போதும், இங்கே பனி போய்விட்டது, இந்த நிறத்துக்குப் பின்னுங்கள் என்று ஒரு படமும் வைத்திருந்தான். நிறம் பொருந்த வேண்டுமென்றால் அவர்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தானே பின்ன முடியும்? சனிக்கிழமை நெல்லி கைப்பேசியைச் சட்டத்தில் சாய்த்து வைத்தாள். ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தங்கள் ஊரில் இடுப்பளவு பனி. படத்தில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்திருந்தன. வெள்ளையும் இல்லாத இளஞ்சிவப்பும் இல்லாத ஒரு நிறம். மரத்தடியில் புதிதாகக் கொத்திய மண். வேலியோரம் நீலச் சாயம் பூசிய ஊஞ்சல். ஊஞ்சல் பலகையில் யாரோ ஒரு தலைக்கவசத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"பழைய உள்பாவாடை நிறம்," என்றாள் அலெவ்தினா. "என்கிட்ட ரெண்டு இருக்கு. கல்யாணத்துக்கு எடுத்தது."

"அத யேகோருக்குப் போத்திவிட்டா உன் புருஷன் சண்டைக்கு வரமாட்டானா?" என்றாள் ஸ்லாதா.

"அவன் அதைப் பாத்தே இருவது வருஷமாச்சு."

சிரித்தார்கள். நெல்லி சிரிக்கவில்லை. கையில் துணிக் கீற்றை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தபடி, யாரிடமும் சொல்லாத குரலில், உப்புப் போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்:

"இது யாரோ ஒரு பொம்பள வெச்ச மரம். அவ புள்ளைக்குக் கட்டுன ஊஞ்சல். அவ கொல்லைக்குள்ள எம்புள்ள திருடன் மாதிரி பதுங்கி நிக்கறான். நான் இங்க உக்காந்து அவனுக்குப் போர்வை பின்னுறேன்."

அறையில் ஒரு முடிச்சும் விழவில்லை. ரிம்மா எழுந்துபோய் வானொலியைச் சத்தமாக வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு மேல் கபிதோலினா, "நிறத்துக்கு வெங்காயத் தோல் போட்டுக் கொதிக்கவெச்சாப் போதும்," என்றாள். எல்லோரும் மறுபடி குனிந்து பின்ன ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையே யாரோ பெயரில்லாமல் புகார் அனுப்பிவிட்டார்கள். சொன்னது யாரென்று அதில் இல்லை. இன்ன நாள், இன்ன இடம், இன்ன மாதிரிப் பேச்சு. அனுப்பியது மற்ற நான்கு பேரில் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். சுவருக்குக் காது உண்டு, விரல் கிடையாது.

"மத்தவங்க எழுதிக் கொடுத்துட்டாங்களா?" என்று ரிம்மா கேட்டாள்.

கிளெப் கோப்பைத் திறந்து நான்கு தாள்களை மேசையில் வரிசையாக வைத்தான். காட்டக்கூடாதுதான். இருந்தும் வைத்தான், அவனுக்கும் இதைச் சீக்கிரம் முடிக்கவேண்டும்.

நான்கிலும் ஒரே வாக்கியம்: 'நமது படையினர் அடுத்தவர் நிலத்தில் இருப்பதாக, ரிம்மா பெத்ரோவ்னா கருத்துத் தெரிவித்தார்.'

ரிம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். மூன்றாவது தாள் நெல்லியுடையது. அந்த உருண்டைக் கையெழுத்து இருபது வருடமாக நூலக அட்டையில் பார்த்தது.

"ஒரு காற்புள்ளிகூட மாறல," என்றான் கிளெப்.

"காற்புள்ளி கபிதோலினாவோடது. மத்த மூணு பேருக்கும் அதை எங்க வைக்கணும்னே தெரியாது."

"அப்போ நீங்க சொல்லலையா?"

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து நெல்லி வீட்டைக் கடந்துதான் ரிம்மா போயிருந்தாள். சமையலறை ஜன்னலில் நான்கு தலைகள் தெரிந்தன. பிறந்தநாள் போலிருக்கிறது, நம்மைக் கூப்பிடவில்லையே என்று நினைத்தாள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது அந்த மேசையில் என்ன பரிமாறினார்கள் என்று தெரிந்தது. நெல்லி பெயர் தாளில் போனால் யேகோரை எந்தக் குழிக்கு அனுப்புவார்களோ. இளையவன் மத்வெய்க்குப் பத்தொன்பது. தொழிற்சாலைச் சீட்டு ஒன்றுதான் அவனைப் படைக்கு இழுக்கவிடாமல் வைத்திருக்கிறது, அதைக் கிழிக்க எவ்வளவு நேரமாகும்? கபிதோலினாவுக்குப் பேரன், அலெவ்தினாவுக்கு அரசு வேலை, ஸ்லாதாவுக்கு வயிற்றில் நான்கு மாதம். விரல் விட்டு எண்ணி வந்தால் கடைசி விரல் ரிம்மா. பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. அதோடு ஏற்கெனவே பெயர் கெட்டவள். போன இலையுதிர் காலத்தில் யாரோ ஒரு பையனின் சவ ஊர்வலப் படத்துக்குக் கீழே 'எதற்காக?' என்று ஒற்றை வார்த்தை எழுதி அபராதம் கட்டியவள். அந்த வாரம் இதே நெல்லிதான் முட்டைக்கோஸ் அப்பம் சுட்டுக்கொண்டு வந்தாள்.

நாலு பேருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும். அதனால்தான்.

"ரிம்மா பெத்ரோவ்னா, நான் மறைக்க விரும்பல," என்றான் கிளெப். தாழ்ந்த குரலில்தான் பேசினான். "ஒரே வருஷத்துல இது ரெண்டாவது. இது அபராதத்தோட போகாது. வழக்காகும். உள்ள வைப்பாங்க."

"தெரியும்."

"வேற யாராவது சொல்லியிருந்தா, பேரச் சொல்லுங்க. நான் திரும்பப் போய் அவங்களக் கேட்டாகணும்." பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான். "யேகோர் என்கூடப் படிச்சவன்."

பெயரைக் கேட்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஊரே கூடி வேறு பெயரை முடிவு செய்திருக்கிறது.

ரிம்மாவுக்குக் கோபம் வந்தது. முதலில் நெல்லிமேல், பிறகு கபிதோலினாமேல், கடைசியில் வானொலியைத் திருகிய தன் கைமேல். நெல்லி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மாலை வீட்டுக்குப் போய்ப் பூனைக்குப் பால் ஊற்றலாம். வசந்தம் வரும், வலை பச்சையாகும், ஒரு தாய்க்கு இரண்டு பெட்டிகள் வரும். பேனாவை எடுத்து 'நெ' என்று எழுதிவிட்டாள். எழுதியதைப் பார்த்தாள். கிளெப்பும் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரிம்மா அதைக் கோடு போட்டு அடித்தாள். நான்கு தாளையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"இது தப்பு. நான் இப்படிச் சொல்லல."

"அப்படின்னா?"

"'கருத்துத் தெரிவித்தார்'ங்கற மாதிரியெல்லாம் நான் பேசமாட்டேன்."

எழுத ஆரம்பித்தாள். யாரோ ஒரு பெண் வைத்த மரம். அவள் பிள்ளைக்குக் கட்டிய ஊஞ்சல். அவள் கொல்லைக்குள் நம் பிள்ளைகள் திருடர்கள் மாதிரிப் பதுங்கி நிற்கிறார்கள், நாங்கள் இங்கே உட்கார்ந்து அவர்களுக்குப் போர்வை பின்னுகிறோம். நெல்லி சொன்னதில் 'எம்புள்ள' என்பதை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது அந்த வாக்கியத்தைப் போன இரண்டு வருடமாகத் தன் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தது போலவும், துப்பத் தைரியமில்லாமல் விழுங்கியது போலவும் இருந்தது. இன்னொருத்தி சொன்னதைத் தன் பெயரில் எழுதுவது பொய்யா என்று ஒரு கணம் யோசித்தாள். தெரியவில்லை.

கிளெப் படித்தான். காது சிவந்தது.

"இவ்வளவு வேண்டாம். சுருக்கமா எழுதுங்க. நாலு பேர் எழுதினது லேசா இருக்கு, உங்களோடது..."

"எழுதறதுன்னா முழுசா எழுதணும். கையெழுத்து எங்க?"

இடத்தைக் காட்டினான். மாவட்டத் தலைநகரில் விசாரணை அதிகாரி காத்திருக்கிறார், வண்டி வெளியே நிற்கிறது என்றான். கம்பளிக் காலுறையும் ரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். பூனை பற்றி அவள் கேட்டதற்கு, தன் மனைவியை அனுப்புவதாகச் சொன்னான். ரிம்மா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். சட்டத்தில் வலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அலெவ்தினாவின் உள்பாவாடைக் கீற்றுகள் மேலே, வெங்காயத் தோல் சாயமேறிய துணி கீழே, நடுவில் ஒரு பெரிய ஓட்டை.

படிக்கட்டில் நெல்லி நின்றாள். கோட்டுக்கு அடியில் பள்ளிச் சமையலறை ஏப்ரன் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, சால்வையில் பனி படிந்திருந்தது. கிளெப் வண்டியின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவதில் மும்முரமானான்.

"ரிம்மா..."

"மெதுவாப் பேசு."

"எனக்கு வேற வழி தெரியல, ரிம்மா."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாற்காலி கூடுதலாப் போட்டிருந்தா என்ன?"

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்னுதான் நெனைக்கறேன்."

நெல்லியின் உதடு கோணியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மருந்துக்கடை ஜன்னலில் திரைச்சீலை அசைந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை வலை ஏத்த வண்டி வருது," என்றாள் ரிம்மா. "நடுவுல இன்னும் பாக்கி இருக்கு."

"நான் அதத் தொடவா? இனிமேலா?"

"எனக்கென்ன தெரியும்? அவன் உம்புள்ள."

ரிம்மா சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். நெல்லி சாவியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், வெறுமையாக இருந்த தெருவைப் பார்த்தாள். பிறகு யாரோ துரத்துவது போல ரிம்மாவைக் கடந்து இருட்டான நூலகத்துக்குள் போனாள். ரிம்மா மூன்று படி இறங்கியிருப்பாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, இன்னொரு சுற்றும் சுற்றியது.